24 கேஜ் என்றால் எவ்வளவு? எல்லையோரக் கடைகளில் ஆளைக் குழப்பும் ஒரு சொல்

தமிழ்நாடு–கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டையில் ஓர் இரும்புக் கடைக்குப் போய் "24 கேஜ்" என்று கேட்டால் தகரத்தை எடுத்துப் போடுவார்கள். மருந்துக் கடையில் கேட்டால் கைக்குழந்தைக்குப் போடுகிற மஞ்சள் நிற ஊசிக்குழாய் வரும். கம்ப்யூட்டர் சாமான் விற்கிற இடத்தில் அது இன்டர்நெட் வயர். திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவரைக் கேட்டால் பனியன் துணி ஓடும் மிஷினைச் சொல்வார். ஒரே எண், ஒரே சொல். கைக்கு வருவது மட்டும் வேறு வேறு.

இதோடு நின்றால் பரவாயில்லை. "அண்ணாச்சி, நல்ல பெரிய கேஜா பாத்துக் குடுங்க" என்று கேட்பவருக்கு பாலித்தீன் கடையில் தடித்த ஷீட் கிடைக்கும். பக்கத்துக் கடையில் வேலிக்கம்பிக்கு அதே வார்த்தையைச் சொன்னால் மெல்லிய கம்பி கிடைக்கும். எண் கூடக் கூட ஒன்றில் தடிமன் ஏறுகிறது, இன்னொன்றில் இறங்குகிறது. புளியரை, ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் வேலி போடுகிறவர், குட்டை வெட்டுகிறவர், கூரை மேய்கிறவர் எல்லாருக்கும் இதில் பணம் போகிறது. ஆகவே அடியிலிருந்து பார்ப்போம்.

சொல்லின் அடிப்படை

கேஜ் என்றால் அளவு, அல்லது அளக்கும் கருவி. பழைய பிரெஞ்சு மொழியில் பீப்பாயின் கொள்ளளவைப் பார்க்க உள்ளே விடும் அளவுகோலுக்கு இருந்த பெயரிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு ஒவ்வொரு தொழிலும் அதைத் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது. எதை அளக்கிறோம், எந்த அலகில் அளக்கிறோம் என்று எல்லாருக்கும் பொதுவாக யாரும் முடிவு செய்யவில்லை. இன்று புழக்கத்தில் இருப்பதை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. நேரடி அளவு: தண்டவாளம், மழைமானி, அணை நீர்மட்டம், டயர் காற்று.
2. தலைகீழ் எண்: கம்பி, தகரம், ஊசி, துப்பாக்கி. எண் ஏறினால் பொருள் சிறுக்கும்.
3. மடங்கு எண்: பாலித்தீன். எண் ஏறினால் தடிமன் ஏறும்.
4. எண்ணிக்கை: பின்னல் மிஷின்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கூண்டைக் குறிக்கிற ஆங்கிலச் சொல்லையும் நாம் "கேஜ்" என்றுதான் எழுதுகிறோம். கோழிப்பண்ணைக்கு வலை கேட்டு எழுதும் சீட்டில் இரண்டும் ஒரே வரியில் வந்துவிடும். அங்கே "கூண்டு" என்று எழுதிவிடுவதே நல்லது.

நேரடி அளவு: தண்டவாளமும் நீர்மட்டமும்

எல்லையோர மக்கள் இந்தச் சொல்லை அதிகம் கேட்டது ரயில் விஷயத்தில்தான். ரயில்வேயில் கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையே உள்ள தூரம். மீட்டர் கேஜ் 1,000 மில்லிமீட்டர். பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தடி ஆறங்குலம். சென்னை மெட்ரோவும் கொச்சி மெட்ரோவும் ஓடுவது 1,435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்ட் கேஜில்.

செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் ரயில் 2010-இல் நின்றது. பிராட் கேஜில் முழுப்பாதையும் மீண்டும் திறந்தது 2018-இல். 676 மில்லிமீட்டர் அகலப்படுத்த எட்டு வருஷமா என்று அப்போது பலர் கேட்டார்கள். தண்டவாளத்தை மட்டும் தள்ளிப் போட்டால் போதாது. பிராட் கேஜ் பெட்டி மீட்டர் கேஜ் பெட்டியைவிட ஏறக்குறைய அரை மீட்டர் அகலம், எடையும் அதிகம். அதற்காகக் குகைகளைக் குடைந்து பெரிதாக்க வேண்டும், வளைவுகளைத் திருத்த வேண்டும், கழுதுருட்டியில் இருக்கிற பதிமூன்று கண் பாலம் மாதிரியான பழைய கல்கட்டுகளை வலுப்படுத்த வேண்டும். கேஜ் ஒரு எண்தான் என்றாலும் அதைப் பிடித்துக்கொண்டு பாதை முழுவதும் மாறுகிறது.

அணைச் செய்திகளில் வரும் எண்ணும் கேஜ்தான். அணைச் சுவரில் அடிக்கணக்கில் கோடு போட்டிருக்கும், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று வாசிப்பார்கள். முல்லைப்பெரியாறு 142 அடி என்றும் இடுக்கி 2,403 அடி என்றும் ஒரே செய்தியில் படிக்கிறவர் இடுக்கி பதினேழு மடங்கு ஆழம் போலிருக்கிறது என்று நினைப்பது இயல்பு. உண்மை என்னவென்றால், இரண்டு கோல்களின் பூஜ்ஜியமும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. முல்லைப்பெரியாற்றின் 142 அடி அந்த அணைக்கென்று குறித்த பூஜ்ஜியத்திலிருந்து எண்ணப்படுவது. 1979-இல் 136 அடியாகக் குறைத்ததும், 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்ததும் அந்தக் கோலின்படிதான். இடுக்கியின் 2,403 அடியோ கடல்மட்டத்திலிருந்து எண்ணும் உயரம். அணையின் உயரம் சுமார் 555 அடிதான். பூஜ்ஜியம் எங்கே என்று தெரியாமல் இரண்டையும் ஒப்பிட்டால் வீண் பயமோ வீண் தைரியமோதான் வரும்.

மழைமானிக் கணக்கு எளிது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சென்ட் நிலத்தில் 10 மில்லிமீட்டர் பெய்தால் ஏறக்குறைய 405 லிட்டர். காலை எட்டரைக்கு வாசிக்கும் எண், முந்தின 24 மணி நேரத்துக்கானது. ஆகவே நேற்று மதியம் ஆரியங்காவில் கொட்டிய மழை இன்றைய கணக்கில்தான் வரும்.

டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் இருக்கிற கேஜ், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்கு மேலே எவ்வளவு என்பதை மட்டும் காட்டும். பஞ்சரான டயரில் அது பூஜ்ஜியம் காட்டுவது அதனால்தான். உள்ளே காற்றே இல்லை என்று பொருள் அல்ல.

தலைகீழ் எண்: கம்பி

குழப்பம் வேர்விட்ட இடம் இதுதான், சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஆசாரி தங்கக்கம்பி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். துளைகள் வரிசையாக உள்ள இரும்புத் தகட்டில் பெரிய துளை வழியாக முதலில் இழுப்பார். பிறகு அதைவிடச் சிறிய துளை, பிறகு இன்னும் சிறியது. ஒவ்வொரு இழுப்பிலும் கம்பி மெலிந்து நீளும். இங்கிலாந்தில் இரும்புக்கம்பி இழுத்தவர்களும் இதையே செய்தார்கள். எத்தனையாவது இழுப்பு என்பதே கம்பியின் எண் ஆயிற்று. அதிக இழுப்பு வாங்கிய கம்பிக்கு அதிக எண், குறைந்த தடிமன். கேஜ் எண் தலைகீழாக ஓடுவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஊருக்கு ஊர் எண் மாறியதால் 1884-இல் பிரிட்டன் ஒரே பட்டியலைச் சட்டமாக்கியது. அதுதான் எஸ்.டபிள்யூ.ஜி, அதாவது ஸ்டாண்டர்ட் வயர் கேஜ். நம் இரும்புக் கடைகள் இன்றும் பேசுவது பெரும்பாலும் அந்தப் பட்டியலைத்தான். வேலிக்கு வேண்டிய எண்கள் இவை:

• 10 கேஜ்: 3.25 மில்லிமீட்டர்
• 12 கேஜ்: 2.64 மில்லிமீட்டர்
• 13 கேஜ்: 2.34 மில்லிமீட்டர்
• 14 கேஜ்: 2.03 மில்லிமீட்டர்
• 18 கேஜ்: 1.22 மில்லிமீட்டர்

12-க்கும் 13-க்கும் வித்தியாசம் 0.3 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆனால் கம்பியின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பில் இருக்கிறது. 12 கேஜின் பரப்பு 5.48 சதுர மில்லிமீட்டர், 13 கேஜின் பரப்பு 4.29. ஒரே ஓர் எண் தள்ளியதும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பலம் போய்விடுகிறது. காட்டுப்பன்றி முட்டுகிற வேலிக்கு அது சின்ன விஷயம் அல்ல.

கிலோக்கணக்கில் வாங்கினால் நீளம் காட்டிக்கொடுக்கும். 12 கேஜ் கம்பி ஒரு கிலோவுக்குச் சுமார் 23 மீட்டர் வரும். 13 கேஜ் சுமார் 30 மீட்டர், 14 கேஜ் சுமார் 39 மீட்டர். "கிலோவுக்கு நீளம் கூடுதலா வருதே" என்று சந்தோஷப்படுகிற இடத்தில்தான் சந்தேகப்பட வேண்டும். பின்னிய வலையைச் சதுர அடிக்கணக்கில் வாங்கும்போது இந்த அடையாளமும் கிடையாது. அங்கே கம்பியை அளந்தே ஆக வேண்டும்.

கடைகளில் வட்டமான ஓர் எஃகுத் தகடு தொங்கும். ஓரம் முழுவதும் வெட்டுகள், ஒவ்வொரு வெட்டின் அடியிலும் ஒரு வட்டத் துளை, பக்கத்தில் எண். பலரும் கம்பியை அந்தத் துளையில் விட்டுப் பார்க்கிறார்கள். அது தவறு. அளவு என்பது ஓரத்தில் இருக்கும் குறுகிய வெட்டு. கம்பி எந்த வெட்டில் தளராமலும் சிக்காமலும் நுழைகிறதோ அந்த எண்தான் அதன் கேஜ். உள்ளே இருக்கும் துளை கம்பியை வெளியே எடுக்க வசதியாக விட்டது.

தகரமும் வயரும்

தகரத்துக்கும் இதே தலைகீழ்க் கணக்கு. 24 கேஜ் தகரம் 0.56 மில்லிமீட்டர், 26 கேஜ் 0.46 மில்லிமீட்டர். கேரளத்தில் மழைக்கு ஈடுகொடுக்க மொட்டைமாடிக்கு மேலேயும் ஷீட் போடுவது வழக்கம். கலர் ஷீட் இப்போது மில்லிமீட்டரில் விற்கப்படுவது ஒரு முன்னேற்றம். ஆனால் 0.45 என்பது பூச்சையும் பெயின்டையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்க வேண்டும். சேர்த்து என்றால் உள்ளே இருக்கும் இரும்பு அதைவிடக் குறைவு. பாத்திரக் கடையில் "நல்ல கேஜ் சட்டி" என்று சொல்லும்போது எண்ணையும் கேட்டுப் பாருங்கள். 18 கேஜ் சட்டி 22 கேஜ் சட்டியைவிடக் கனம்.

வீட்டு வயரிங்கில் பழைய எலக்ட்ரீசியன்கள் "ஒன் எய்ட்டீன்", "த்ரீ ட்வென்ட்டி", "செவன் ட்வென்ட்டி" என்பார்கள். முதல் எண் எத்தனை இழை, இரண்டாவது எண் ஒவ்வொரு இழையின் கேஜ். த்ரீ ட்வென்ட்டி என்றால் 20 கேஜ் இழை மூன்று. ஓர் இழையின் பரப்பு 0.656 சதுர மில்லிமீட்டர், மூன்றும் சேர்ந்தால் 1.97. இன்றைய வயர் 1.5, 2.5, 4 என்று சதுர மில்லிமீட்டரில் வருகிறது. பழைய த்ரீ ட்வென்ட்டிக்குப் பதில் 1.5 போட்டால் வயர் சிறுத்துப் போகும், 2.5 போட வேண்டும். இன்னொன்று: கடையில் "ரெண்டரை எம்.எம்" என்று சொல்வது பரப்பைத்தான், குறுக்களவை அல்ல. செம்பை அளந்துவிட்டு இரண்டரை மில்லிமீட்டர் இல்லையே என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

இன்டர்நெட் வயரில் பட்டியலே வேறு. அது அமெரிக்கக் கணக்கு, ஏ.டபிள்யூ.ஜி. அதில் 24 கேஜ் 0.51 மில்லிமீட்டர். தகரக் கடையின் 24-உம் இதுவும் ஒன்று அல்ல.

ஊசி, துப்பாக்கி

ஊசியின் எண்ணும் பழைய பிரிட்டிஷ் கம்பிப் பட்டியலிலிருந்து வந்ததுதான். குளுக்கோஸ் ஏற்றக் கையில் போடும் ஊசிக்குழாயில் எண்ணைவிட நிறம்தான் அடையாளம்: 18 பச்சை, 20 இளஞ்சிவப்பு, 22 நீலம், 24 மஞ்சள். மஞ்சள்தான் இவற்றில் மெல்லியது. ரத்தம் நிறையப் போன நோயாளிக்கு வேகமாக ஏற்ற வேண்டும் என்றால் பச்சையோ அதைவிடத் தடித்ததோ போடுவார்கள். குழாயின் உள்ளகலம் இரண்டு மடங்கானால் ஓட்டம் பதினாறு மடங்காகும் என்பது இயற்பியல். "ஏன் இவ்வளவு தடித்த ஊசி" என்று உறவினர்கள் வருத்தப்படுவதைப் பார்க்கிறோம். அவசர நேரத்தில் அந்தத் தடிமன்தான் நோயாளிக்கு வேண்டியது.

ஆனால் அதே ஆஸ்பத்திரியில் சிறுநீர்க் குழாயில் 16 என்று போட்டிருந்தால் அது கேஜ் அல்ல. அது பிரெஞ்சு அளவு, மூன்று சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். 16 பிரெஞ்சு 5.3 மில்லிமீட்டர், 16 கேஜ் ஊசி 1.65 மில்லிமீட்டர். பிரெஞ்சு அளவில் எண் ஏறினால் தடிமன் ஏறும். மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளிக்கடைக்கு ஓடுகிறவர்கள் எண்ணோடு அதன் பின்னால் எழுதியிருப்பதையும் கடைக்காரரிடம் காட்ட வேண்டும்.

தோட்டங்களில் "பன்னிரண்டு போர்" என்று சொல்லும் துப்பாக்கிக்கு ஆங்கிலத்தில் 12 கேஜ் என்றும் பெயர். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை உள்ளே பொருந்தும் குழல் அது, சுமார் 18.5 மில்லிமீட்டர். உருண்டை கூடினால் குழல் சிறுக்கும்.

பாலித்தீன்: கதை திரும்பும் இடம்

கம்பிக்கடைப் பழக்கத்தோடு பாலித்தீன் கடைக்குள் போகிறவர் ஏமாறுவது நிச்சயம். இங்கே 100 கேஜ் என்றால் ஏறக்குறைய 25 மைக்ரான். எண் இரட்டித்தால் தடிமனும் இரட்டிக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

1. செடி அடியில் விரிக்கும் மூடாக்கு ஷீட் 25 முதல் 30 மைக்ரான். கேஜில் 100 முதல் 120.
2. கேரளப் பக்கம் காய்கறிக்குப் போடும் "மழமற" பந்தலின் ஷீட் 200 மைக்ரான். கேஜில் 800.
3. பண்ணைக்குட்டைக்குள் விரிக்கும் ஷீட் 500 மைக்ரான். கேஜில் ஏறக்குறைய 2,000.

மூன்றாவதுதான் கவலை தருவது. குட்டை வெட்டிய விவசாயி "500 ஷீட்" என்று மட்டும் கேட்கிறார். கடைக்காரர் பொய் சொல்லாமலே 500 கேஜ் கொடுக்க முடியும். அது 125 மைக்ரான், வேண்டியதில் நாலில் ஒன்று. விரித்த அன்று கறுப்பாக, பளபளப்பாக, சரியாகத்தான் தெரியும். பிறகு ஒரு கல்முனை, ஓர் ஆட்டின் குளம்பு, ஒரு கோடை வெயில் போதும். தண்ணீர் ராத்திரியில் இறங்கிவிடும். எங்கே ஓட்டை என்று தேடி முடிவதற்குள் பருவமும் போய்விடும். எண் சரி, அலகு மட்டும் தப்பு. இந்த ஒரு தப்புக்குக் கொடுக்கும் விலை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் என்பேன்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டும் இடத்துக்கு மேலே மழைக்கு மறைப்பாகக் கட்டும் பாலித்தீனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கடைப் பைகளில் மைக்ரான் பேச்சு வந்தது மத்திய அரசின் விதியால். 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பை கூடாது. அது ஏறக்குறைய 480 கேஜ். ஆனால் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல், தடிமன் எதுவானாலும் ஒருமுறை பயன்படுத்தும் பைகளுக்குத் தடை போட்டிருக்கிறது. கேரளத் தடை 2020 ஜனவரி 1-இல் தொடங்கியது. "இது 120 மைக்ரான் பை" என்று சொல்லி எல்லையிலுள்ள கோட்டைவாசலுக்கு இந்தப் பக்கம் தப்பிக்க முடியாது.

பின்னல்

திருப்பூரில் டயா, கேஜ், ஜி.எஸ்.எம் மூன்றையும் சேர்த்தே சொல்வார்கள். டயா மிஷினின் வட்ட அகலம், ஜி.எஸ்.எம் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. கேஜ் என்பது மிஷினில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்ற எண்ணிக்கை. 24 கேஜ் என்றால் அங்குலத்துக்கு 24 ஊசி. எண் ஏறினால் கண்ணி நெருங்கும், நூலும் மெல்லியதாக வேண்டும்.

பில்லில் என்ன எழுதச் சொல்வது?

2009-ஆம் ஆண்டின் சட்ட அளவியல் சட்டம், விலையும் அளவும் சொல்லும்போது அங்கீகரித்த அலகுகளில்தான் சொல்ல வேண்டும் என்கிறது. கேஜ் அந்த அலகுகளில் ஒன்று அல்ல. ஆகவே வாயால் எப்படிப் பேசிக்கொண்டாலும், பில்லில் கம்பிக்கும் தகரத்துக்கும் மில்லிமீட்டர், வயருக்குச் சதுர மில்லிமீட்டர், பாலித்தீனுக்கு மைக்ரான் என்று எழுதிக் கேட்கலாம். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் கையில் இருக்கிற ஆதாரம் அந்த வரிதான்.

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் திருகு அளவியைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் அதற்கும் ஸ்குரூ கேஜ் என்றே பெயர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். அது கையில் இல்லாவிட்டாலும் வீட்டிலேயே பார்க்க இரண்டு வழி உண்டு.

1. கம்பியில் பத்துத் துண்டு வெட்டி, இடைவெளி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, பள்ளிக்கூட ஸ்கேலால் மொத்த அகலத்தை அளக்கவும். 12 கேஜ் என்றால் 26 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும். 13 என்றால் 23-க்குச் சற்று மேலே, 14 என்றால் 20-க்குச் சற்று மேலே.

2. பாலித்தீனில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் துண்டு வெட்டி மளிகைக் கடைத் தராசில் போடவும். 500 மைக்ரான் ஷீட் 460 கிராமுக்குக் குறையாது. தராசு 115 கிராம் காட்டினால் வாங்கி வந்தது 500 கேஜ். குட்டையில் விரிப்பதற்கு முன்பே, மண் படாமல், கடைக்குத் திருப்பி எடுத்துப் போக வேண்டும்.